ஒரு விரல் தூரம்

அண்ணை, உயிரோடு இருந்தவரை உங்களை 'நீங்கள்' என்றேன். இனி 'நீ'தான். கோபம் வந்தால் வந்து கேள்.

இன்று பின்னேரம் எங்கள் மாடி அன்ரி, இளைய மகனின் பள்ளிக்கூடக் கனடாத் தேசப்படத்தை என் மேசையில் விரித்தார். மகளுக்குக் கனடாவின் வடக்கில் ஒரு மாப்பிள்ளை பொருந்தியிருக்கிறதாம். பெண்ணின் தமையனும் வடக்கில்தான், வேறு ஊர். இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"ஒரு விரல்தான் பிள்ளை. உன்ரை அண்ணை பக்கத்திலை இருந்தபடியால்தானே அண்டைக்கு நீ தப்பினனீ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த விரல் உன்னுடையது.

அப்போது நீ பனிவடக்கில், இக்கலூயிற்றில் ஒரு ஹொட்டேல் குசினியில் சமையலுக்கு நின்றாய். நீ எனக்குப் பார்த்த மாப்பிள்ளை ராங்கின் இன்லெற்றில், ஒரு கடைக்கு மனேச்சர். தமையன் கிட்ட இருந்தால் மட்டும் சம்மதம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் பெத்த ஐயா எழுதினார். நீ ஒரு கனடாப் படம் அனுப்பினாய், இரண்டு ஊரையும் சிவப்புப் பேனையால் சுற்றி. ஒரு விரல் இடைவெளிதான் ஐயா, என்றாய். ஐயா வீட்டிலிருந்த இலங்கைப் படத்தில் விரலை வைத்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி. அவசரமென்றால் சைக்கிளிலேயே போய்விடலாம் என்று அவருக்குச் சந்தோஷம். இலங்கையும் ஒரு தாள், கனடாவும் ஒரு தாள். அந்த மனிசனுக்கு வேறென்ன தெரியும்?

உனக்குத் தெரியும். மாப்பிள்ளை பார்க்கப் பறந்து போய் வந்தவன் நீ. ஆயிரத்து இருநூறு கிலோமீற்றருக்குக் கிட்ட, றோட்டே இல்லை. வானம் நல்லாயிருந்தால் பிளேனில் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். பனிப்புயல் என்றால் அதுவும் இல்லை.

கல்யாணம் கட்டி ராங்கின் இன்லெற் போன பிறகு, அவன் அடித்து என் பல் உடைந்த அன்று உனக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அழாதை. பக்கத்திலைதானே, வாறன்."

புயலாக்கும் என்று நினைத்தேன். வானம் வெளித்தது. பிளேன் வந்தது, இறங்கியவர்களில் நீ இல்லை. அடுத்ததிலும் இல்லை. கடைசியில், கடைக்கு வருகிற, அந்த ஊர் ஆதிக்குடி இனுயிட் அம்மா ஒருவர்தான் தன் தடித்த கோட்டைப் போர்த்தி என்னைப் பிளேன் ஏற்றிவிட்டார். என் பெயரைக்கூட அவருக்குச் சொல்ல வராது.

பிறகு நீயும் ரொறன்ரோ வந்தாய், மோர்னிங்சைட்டில் வீடு வாங்கினாய். போகிற இடமெல்லாம், நீ பறந்து வந்து என்னை மீட்ட கதை. ஐயாவின் காதுக்குப் போய்விடும் என்று நான் வாய் திறக்கவில்லை. உன் செத்தவீட்டிலும் "தங்கச்சிக்காகப் பிளேன் பிடிச்சுப் பறந்தவன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். பெட்டிக்குள் நீ ஒன்றும் தெரியாதவன்போலக் கிடந்தாய், பொய்யன்.

இன்று அன்ரியின் விரலைப் பிடித்துப் படத்திலிருந்து எடுத்தேன்.

"அன்ரி, அண்ணை வரேல்லை."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"வரவேயில்லை. உங்கடை பெட்டை கூப்பிட்டால் தமையன் எதிலை போவான், எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு முதல் கேளுங்கோ."

அவர் விரலை இழுத்துக்கொண்டார். பிறகு படத்தை மடித்தார்.

அடித்தவனுடைய முகம் மறந்துபோயிற்று. பல்லையும் கட்டிவிட்டேன். உன் 'வாறன்' மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில், இந்தப் பதினோராம் மாடியில், யாராவது கதவைத் தட்டினால் இன்றைக்கும் 'அண்ணை வந்திட்டார்' என்றுதான் முதலில் எழும்புகிறேன். நாசமாய்ப் போனவனே, உன்னை எரித்த பிறகும்.