அப்பாவின் திவசத்துக்கு நான் உட்கார்ந்தேன்

வியாழன், ஆவணி. மழை இன்னும் விடவில்லை.

தூக்கம் வரவே இல்லை. இன்று அப்பாவின் திவசத்தை நான் செய்தேன். நானே!

நான் ஒரே பெண். பெண் செய்யச் சாஸ்திரத்தில் இடமில்லை என்று இத்தனை வருஷமும் சித்தப்பா மகன் ரமேஷ்தான் செய்துவந்தான். இன்று காலை ஊரின் மறுகோடியில் அவன் இருக்கும் கார்டன் ரீச்சில் முழங்கால் அளவு தண்ணீர். "பஸ்ஸும் இல்ல, ஆட்டோவும் இல்லக்கா" என்று போன் செய்தான். லேக் கார்டன்ஸில் எங்கள் கூடத்தில் சாஸ்திரிகள் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு விட்டா திதி போயிடும். ஆனா பொம்மனாட்டி பண்றதுக்கு சாஸ்திரம் இல்லையே மாமி" என்றார்.

மடிப்புடவையில் யார் கை பட்டாலும் மறுபடி குளிக்கிற அம்மா, அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"திதி தப்பக்கூடாதுங்கறதும் சாஸ்திரம்தானே? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும். இவ உக்காரட்டும்."

சாஸ்திரிகள் மறுபடி வாட்சைப் பார்த்தார். பிறகு தர்ப்பைப் பவித்திரத்தை என்னிடம் நீட்டினார். ரமேஷின் விரல் அளவுக்கு முடிந்துவைத்தது. எனக்குத் தொளதொளவென்று இருந்தது. விழுந்துவிடாமல் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டேன்.

பிண்டம் வைக்கும்போது ரமேஷ் நடந்தே, சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தினார். எழுந்திருக்கச் சொல்லிவிடுவாரோ என்று பவித்திரத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தினேன்.

அம்மா ரமேஷைத்தான் பார்த்தாள். "தலையைத் துவட்டிண்டு வந்து இலை போடுடா."

சற்று முன் படுக்கப் போன அம்மா திரும்பி வந்து என் அறைக் கதவருகில் நின்றாள்.

"அடுத்த வருஷத்துக்கும் ஆபீஸ்ல லீவு சொல்லி வை."