பெடல் வைத்த கிதார்

விருத்தாசலம்
12.7.1974

அன்புள்ள ரூபிக்கு,

டாக்டர் கைக்கட்டைப் பிரித்துவிட்டார். வேலைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது அந்த மெஷின் பக்கம் இல்லை. பீங்கான் கோப்பைகளைத் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிக்கும் இடம்.

நேற்று ரயிலேறித் திருச்சி பொன்மலைக்குப் போனேன். அங்கே டிக்ரூஸ் அம்மா என்பவர், இறந்துபோன கணவரின் ஸ்டீல் கிதாரை விற்கிறார் என்று நம் சர்ச்சில் சொன்னார்கள். மேசை மாதிரி நான்கு கால், கீழே மிதிப்பதற்குப் பெடல். வாங்குவதற்கு முன் வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா என் இடது கையைப் பார்த்தார்.

"ரெண்டு விரல் போனா என்னங்க? இதுல கம்பிய அழுத்தவே வேணாம். இந்த இரும்ப மேல வச்சு நகர்த்தினா போதும். உக்காருங்க."

முதலில் நாய் ஊளையிட்ட மாதிரி இருந்தது. இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு பெடலை மிதித்தேன். ஒரு சுரம் அப்படியே வளைந்து மேலே ஏறியது. ஞாயிறு ஆராதனையில் நீ பாட நான் வாசிப்பேனே, அந்தப் பாட்டு முழுதும் வந்துவிட்டது. அந்த அம்மா சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"எங்க வூட்டுக்காரி பாட, நான் கூட வாசிச்சுப் பாத்துட்டுத்தாங்க சொல்ல முடியும்" என்றேன்.

"அதுவரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார்.

நீ உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று, சட்டைப் பொத்தான் போட வந்த உன் கையைத் தட்டிவிட்டேன். உன் மேல் கோபமில்லை. நீ அந்த விரல்கள் போன இடத்தைப் பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருவாயா? ஸ்டாண்டில் நிற்பேன்.

பொத்தான் எனக்கு இன்னும் சரியாகப் போட வரவில்லை.

உன் வீட்டுக்காரன்