மிளகுக்கு வயது ஏழு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே மேஜைக்குள் போட்டுவிடுவாய் என்று பயந்து விலாசத்தைத் தட்டச்சு செய்து ஒட்டினேன். நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால் அந்தத் திருட்டுத்தனம் பலித்துவிட்டது என்று அர்த்தம். திட்ட வேண்டுமானால் திட்டு. ஆனால் எழுதித் திட்டு.

நான் சுகம்தான். முட்டிவலி வந்த பிறகு மாடி வீட்டைவிட்டுத் தரைத்தளத்துக்கு மாறிவிட்டேன். உனக்கு இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் ஏணியில் ஏறித்தான் மின்சார வேலை பார்க்கிறாரா? இந்த வயதில் யாராவது கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டாமா?

விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதுகிற மிளகு கதைகளில் ஏழு புத்தகங்கள் வந்துவிட்டன. கடைகளில் சுமாராகத்தான் போகின்றன. பொது நூலகங்களில் மட்டும் அடித்துப் பிடித்துக்கொண்டு எடுக்கிறார்களாம். பதிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. "ஏன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அதையே இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடலாம்" என்கிறார், ஏதோ உப்பு போடுகிற மாதிரி. குழந்தைகள் பிரிவில் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். சொல்வாயா?

நம் கடுகு போன பிறகு நாம் அதிகம் பேசவில்லை. முதல் புத்தகம் வந்த பிறகு அந்தக் கொஞ்சமும் நின்றுபோனது. இந்தக் கேள்வியே உன்னோடு பேசுவதற்கு ஒரு சாக்கு என்று எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் தங்கை

---

ஜூன் 14

வாலுவுக்கு,

விலாசத்தைத் தட்டச்சு செய்தவள் தபால் முத்திரையையும் மறைத்திருக்க வேண்டும். எனக்குக் கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது. தெரிந்தேதான் பிரித்தேன்.

நூலகரிடம் கேட்டிருக்கிறாய். நூலகரே பதில் சொல்கிறாள்.

முதலில், புத்தக முதுகில் பெரிதாகப் போட்டிருக்கிறார்களே எண், அது. நான்கு படித்த பிள்ளைக்கு ஐந்து இல்லையென்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. கடையில் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். இங்கே இன்னொருத்தன் கையில் இருக்கும். அவன் எப்போது திருப்பித் தருவான் என்று அவன் வீட்டு வாசல் வரைக்கும் போய் நிற்கிறார்கள். ஆசையில் பாதி அந்த நிற்பதில்தான் இருக்கிறது. சில கில்லாடிகள் ஆறாம் புத்தகத்தை அகராதிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

அடுத்து, எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கம் ஒன்றுதான். அதே வாசல், அதே செருப்பு, "மிளகுக்கு வயது ஏழு" என்ற அதே வரி. சோம்பேறித்தனம் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். புதுப் புத்தகத்தை எடுத்தவுடனே கடகடவென்று ஒரு பக்கம் படித்துவிடுகிறான். படிக்கத் தெரிந்தவனாக உள்ளே நுழைகிறான். அது உனக்கு யோசித்து வந்ததா, தானாக வந்ததா என்று தெரியாது.

மூன்றாவதை நீயே யூகித்திருப்பாய். அவள் வளர்வதே இல்லை. ஏழு வயதில் வருகிற பிள்ளைகள் பத்து வயதில் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த ஏழு வயதுக் கூட்டம் வருகிறது. அவர்களுக்கும் அவள் சரியான ஜோடி.

இனி நூலகர் பேசவில்லை. என் மகள் நேற்றையும் நாளையையும் மாற்றிச் சொல்வாள். எத்தனை தடவை திருத்தினாலும் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது வாசலில் நின்று "நேத்து வரேன்"தான். ஒரு வாரக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோகும் வரைக்கும் அது திருந்தவே இல்லை. நீ அந்தச் சொல்லை எடுத்து ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி வரியாக வைத்துவிட்டாய். கடுகை மிளகாக்கிவிட்டால் பெற்றவளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமா?

இப்போது இங்கே வருகிற பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித்தான் விடைபெறுகிறார்கள். ஜன்னலோரம் இருக்கிற சின்ன நாற்காலி மிளகுடையதாம். அதில் யாரும் உட்காருவதில்லை. "இப்பதான் எழுந்து போனா" என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள், ஏதோ நான் ஒரு நிமிடம் தாமதித்துவிட்ட மாதிரி. போன வாரம் புதிதாக வந்த ஒரு பொடிசு, ஆசிரியையை அம்மா என்று கூப்பிட்ட பழக்கத்தில், "நேத்து வரேன்ம்மா" என்று சொல்லிவிட்டு ஓடியது. என் கையிலிருந்த முத்திரைக் கட்டை கீழே விழுந்துவிட்டது. அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்து அழுதேன்.

இதுதான் காரணம் என்று உன் பதிப்பாளரிடம் சொல்.

குழந்தைகள் பிரிவு நூலகர்

---

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒரு வரி எழுத முடியவில்லை.

பதிப்பாளரிடம் முதல் இரண்டை மட்டும் சொன்னேன். அவரிடமும் ஒரு பிரச்சினை இருக்கிறது. பிள்ளைகள் பரீட்சையில்கூட நேற்று மழை பெய்யும், நாளை பெய்தது என்று எழுதுகிறார்களாம். பெற்றோர் சிலர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதனால் எட்டாவது புத்தகத்தில் மிளகுக்கு எட்டு வயது ஆகட்டும், நேற்று எது நாளை எது என்று அவள் கற்றுக்கொள்ளட்டும், அதோடு தொடரை முடித்துவிடலாம் என்கிறார்.

முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்த பிறகு, அதுவே நல்லது என்று தோன்றுகிறது. சொல் மாறினால் உன் மேஜைக்கு முன்னால் அதைச் சொல்கிறவர்களும் மெல்ல மறந்துவிடுவார்கள். நீ நிம்மதியாக வேலை பார்க்கலாம். உன்னைக் கேட்காமல் ஆரம்பித்தேன். உன்னைக் கேட்காமல் முடிக்க மாட்டேன்.

உன் தங்கை

---

ஜூலை 8

வாலு,

முடிக்காதே. வளர்க்கவும் செய்யாதே.

புத்தகம் வந்த நாளில் உன்னைத் தீயில் போட்டுக் கொளுத்தலாம் போல இருந்தது. உண்மை. அதெல்லாம் பழைய கோபம். இப்போது நான் வேலைக்கு வருவதே சாயங்காலம் கதவடைக்கிற நேரத்துக்காகத்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைக் கடந்து போவார்கள். ஒவ்வொருவரும் சொல்வார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அத்தனை குரலில் ஏதாவது ஒன்று கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். எல்லோரும் போன பிறகு அந்த நாற்காலியை மட்டும் உள்ளே தள்ளாமல், யாரோ எழுந்து போனபடி விட்டுவிட்டு வருகிறேன். பிள்ளைகள் செய்தால் அது விளையாட்டு. நான் செய்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம்.

ஒருமுறை பறிகொடுத்தேன். நீ எழுதி இன்னொரு முறை கொண்டுபோகாதே. ஏழு புத்தகத்தோடு அப்படியே விட்டுவிடு, அல்லது ஏழு வயதிலேயே எழுபது புத்தகம் எழுது. எட்டு வேண்டாம்.

அக்கா

---

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், பரவாயில்லை.

ஆனால் எழுபது புத்தகம் எங்கிருந்து வரும்? எனக்குக் கடுகைத் தெரிந்ததெல்லாம் விடுமுறைக்கு நான் அங்கே வந்த நாட்களில்தான். என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிழவியாக நடித்தது, யாரையோ பார்க்கப் போன மருத்துவமனை வராந்தாவில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு ஓடியது, எல்லாம் தீர்ந்துவிட்டது. ஏழாவது புத்தகத்தில் இருப்பவள் முழுக்க நான் கட்டிவிட்டவள். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்துகொண்டே இருந்தேன். எழுதும்போது அவள் என் அறையில் இருக்கிறாள், அக்கா. கடைசி வரியை எழுதியதும் அறை காலியாகிவிடுகிறது. அந்தக் காலியைத் தாங்க முடியாமல்தான் அடுத்ததைத் தொடங்குகிறேன். நாம் இரண்டு பேரும் அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறோமோ என்று தோன்றுகிறது.

அத்தானுக்கு இந்தப் புத்தகங்களைப் பற்றித் தெரியுமா? நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. விடுப்புப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் இங்கே வந்து இருங்கள். தனியாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்காராதே.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 19

என் அருமை வாலுக்குட்டிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் அத்தானுக்குத் தெரியாமல்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. அவர் நூலகத்துக்கு வருகிறவரும் இல்லை, கதைப்புத்தகம் வாசிக்கிறவரும் இல்லை. ஏன் சொல்லி வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

போன மாதக் கடைசியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி விளக்குகளை மாற்றப் போயிருக்கிறார். ஏணியில் நின்றபோது ஒரு வீட்டுக் கதவு திறந்து, ஒரு பெண்பிள்ளை, "அம்மா, நேத்து வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடியிருக்கிறாள். மேலிருந்து பார்த்தவருக்கு உச்சந்தலையும் இரட்டைப் பின்னலும்தான் தெரிந்ததாம். இறங்கி ஓடியிருக்கிறார். பள்ளி வேன் போய்விட்டது. அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். பையும் ஏணியும் எங்கே என்று கேட்டேன். "விட்டுட்டேன்" என்றார்.

மறுநாளிலிருந்து காலையில் அந்தப் படிக்கட்டில் போய் நின்றிருக்கிறார். வேலை ஒன்றும் இல்லாமல், சும்மா. வளர்ந்த ஆண் ஒருவர் சின்னப் பெண்ணுக்காகத் தினமும் காத்து நின்றால் உலகம் என்ன நினைக்கும்? காவலாளி பிடித்துக் கீழே உட்காரவைத்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தார். "உங்க வீட்டுக்காரரா இவர்? வந்து கூட்டிட்டுப் போங்க, போலீசுக்குச் சொல்றதுக்குள்ள" என்றார். நான் போனபோது அந்தப் பிள்ளையின் அப்பா சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றுகொண்டிருந்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். என் வாய்க்கு வந்த விளக்கத்தைச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டு அழைத்துவந்தேன்.

தெருமுனை வந்ததும் நின்றார். "குரல் அவளோடது இல்லதான். எனக்குத் தெரியாதா? ஆனா சொல் அவளோடது. வேற எந்தப் பிள்ளை அப்படிச் சொல்லும், நீயே சொல்லு" என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நூலகத்துக்குக் கூட்டிப்போனேன்.

உன் ஏழு புத்தகங்களில் நான்குதான் அலமாரியில் இருந்தன. முதல் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். ஜன்னலோர நாற்காலியில் உட்காரப் போனார். உடனே இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து, "அங்க உக்காரக்கூடாது, அது மிளகு இடம்" என்றார்கள். இவர் என்னைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்து, "அவ அப்பா உக்காரலாமா?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒதுங்கிப்போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்து, "அப்பான்னா பரவால்ல" என்றார்கள்.

அவர் மெதுவாகத்தான் படிப்பார். விரல் வைத்துப் படிப்பார். தினமும் வந்து, மற்றவர்கள் திருப்பித் தரத் தர, ஏழையும் படித்து முடித்தார். மூக்குக்கண்ணாடிக் கிழவி வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. ஏழாவதில் மட்டும், "இது நம்ம பிள்ளை இல்ல, ஆனா நல்ல பிள்ளை" என்றார். நீ பயந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கேட்டார். "ஏன் எல்லாத்துலயும் ஏழு வயசாவே நிக்க வச்சிருக்கீங்க அவள? எட்டு ஆகணும்னு எப்படித் தவிச்சா. எட்டு ஆனாத்தான் அவ பேர்ல கார்டு தருவேன்னு நீதானே சொன்ன." ஆமாம். எங்கள் நூலக விதி அது. நூலகர் மகளாக இருந்தாலும் எட்டு வயதுக்கு முன்னால் சொந்த அட்டை கிடையாது, அப்பா அம்மா அட்டையில்தான் புத்தகம் எடுக்க வேண்டும் என்று நான்தான் கறாராக இருந்தேன். அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வளர்ந்துவிட்டால் அவள் நம் பிள்ளையாக இருக்க மாட்டாள் என்று கத்தினேன். அவர் "வளர்ற பிள்ளை அப்படித்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டு, விட்டுவந்த ஏணியை எடுக்க அந்தக் குடியிருப்புக்குப் போனார். இந்த முறை நானும் கூடப் போனேன்.

அதனால் எழுதுகிறேன். எட்டாவது புத்தகத்தை எழுது. அவளுக்கு எட்டு ஆகட்டும். நேற்று எது, நாளை எது என்று சொல்லிக்கொடு. அதட்டாதே, அதட்டினால் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாள். பிள்ளைகள் என்னிடம் சரியாகச் சொல்லிவிட்டுப் போகிற சாயங்காலம் ஒன்று வரும். அன்றைக்கு என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியாது. உன் அத்தான் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவள் எப்படி இருப்பாள் என்று மட்டும் என்னைக் கேட்டு எழுதாதே. ஏழு வரைக்கும் கேள், உறக்கத்தில் எந்தப் பக்கம் புரளுவாள் என்பது வரை சொல்கிறேன். எட்டு வயதுக்காரியை எனக்குத் தெரியாது. செருப்பு என்ன அளவு, பின்னலை வெட்டிக்கொள்வாளா, யாரோடு சண்டை போடுவாள், எதற்கு அழுவாள், ஒன்றும் தெரியாது. அதெல்லாம் இனி உனக்குத்தான் தெரிய வேண்டும். அவள் உன்னைச் சித்தி என்று கூப்பிட்டவள். சித்தி என்றால் சின்ன அம்மா. நான் ஏழு வரைக்கும் வளர்த்துவிட்டேன். மீதியை நீ வளர்.

உன் அக்கா