அம்மி என்று எடுத்த கல்

பார்சிப்பனி,
மார்ச் 9, 2025

சேனாபதி அவர்களுக்கு,

இங்கு நலம். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

டெக்சாஸ் போகும்போது நம் கல்யாண அம்மியையும் தூக்கிக்கொண்டு போனீர்களே, அது எனக்கு வேண்டும். விசா பயத்தில் ஊருக்குப் போகாமல் இங்கேயே நடந்த கல்யாணம். அம்மிக்கு எங்கே போவது என்று புரோகிதர் கையைப் பிசைந்தபோது, ஓடைக்கரையிலிருந்து நீங்கள் கொண்டுவந்த கல்.

அது அம்மியே இல்லையாம். ஓடைக்கரைப் பொது நிலத்தில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர் மில் இருந்திருக்கிறது. ஊரார் முறைவைத்து கோதுமை அரைத்திருக்கிறார்கள். வெள்ளத்தில் போனதோடு சரி, எங்கே நின்றது என்றே யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஒரு கம்பெனி அங்கே வேர்ஹவுஸ் கட்டப் பார்க்கிறது. மில் நின்ற நிலத்தை விற்கக் கூடாது என்று பழைய பத்திரம் சொல்கிறது. மில் என்பதே கட்டுக்கதை என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள்.

வரலாற்றுச் சங்கத்து கேத்தியிடம் கல்யாண ஆல்பத்தைக் காட்டினேன். மனுஷி என் முகத்தையும் பார்க்கவில்லை, கூறைப்புடவையையும் பார்க்கவில்லை. காலுக்கடியில் இருந்த கல்லைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டாள். மாவரைக்கும் கல்லின் உடைந்த துண்டாம்.

ஏப்ரலில் இந்த நிலத்தைப் பற்றி ஹியரிங், விசாரணை. கல்லை அனுப்புங்கள். எடுத்த இடத்தையும் எழுதுங்கள்.

நாகமணி

இர்விங்,
மார்ச் 16

நாகு,

'அவர்களுக்கு' என்று போடுகிற அளவுக்கு ஆகிவிட்டேனா?

கொத்தின வரிகள் இருந்ததால், யாரோ நம்ம ஊர்க்காரர் வீடு மாறும்போது போட்டுவிட்டுப் போன அம்மி என்று நினைத்தேன். அப்போது என்னோடு தங்கியிருந்த பசுபதியும் நானும் தூக்கிவந்து, கழுவி மஞ்சள் பூசினோம்.

அதை அனுப்ப முடியாது. இங்கே இது எனக்கு மூன்றாவது அபார்ட்மெண்ட். கல்லை இறக்கி வைத்த பிறகுதான் குடிவந்த மாதிரி இருக்கிறது. இரண்டு வருஷமாக நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்கவில்லை, கல்லுக்கு மட்டும் கடிதம் வருகிறது. வேண்டுமானால் நீயே வந்து எடுத்துக்கொள். அதற்குள் ஆஸ்டினுக்கு மாறினாலும் மாறிவிடுவேன், அங்கே ஒரு வேலை வருகிறது.

சேனாபதி

பார்சிப்பனி,
மார்ச் 23

என்னங்க,

இன்னும் கால் தரிக்கவில்லையா உங்களுக்கு? சான் ஹோசே, பார்சிப்பனி, இர்விங், இப்போது ஆஸ்டின்.

நீங்கள் போன பிறகு சாயங்காலமானால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. அந்த ஓடைக்கரைக்குத்தான் போவேன். வாக்கிங் வருகிற ஆன்ட்டிமார்கள் ஒன்றும் துருவிக் கேட்காமல் கூட நடப்பார்கள். அந்த நிலமும் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு ஒன்றுமில்லை, வீட்டை விற்றுவிடுவேன்.

கல்லைப் போல் உறுதியாக இரு என்று சொல்லித்தானே என் காலை அதன்மேல் வைத்தீர்கள்? நான் இருந்தேன். நகர்ந்தது நீங்கள்.

நாகு

இர்விங்,
ஏப்ரல் 2

நாகு,

கல்லைக் காரில் ஏற்றிவிட்டேன். எடுத்த இடத்தை நானே வந்து காட்டுகிறேன். வீட்டுக்கு வரலாமா என்று கேட்க தைரியம் இல்லை.

சேனாபதி

பார்சிப்பனி,
ஏப்ரல் 20

என்னங்க,

நிலம் நிலைத்துவிட்டது, இனி விற்க முடியாதாம். நீங்கள் காட்டிய இடத்தில், ஹியரிங் முடிந்த மறுநாளே தோண்டினார்கள், மில்லின் அடிச்சுவர் வந்தது. கேத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இதையெல்லாம் பார்க்க நீங்கள் இல்லை.

ஹியரிங்கில் கம்பெனி வக்கீல் போட்டோவைக் காட்டி, கல்மேல் நிற்கிற பெண் யார் என்று கேட்டார். "மை வைஃப்" என்றீர்கள். 'எக்ஸ் வைஃப்' என்று சொல்லிவிடுவீர்களோ என்று கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்து வெளியே வந்து தேடினால் உங்கள் கார் இல்லை. பார்க்கிங் லாட் முழுக்க நடந்தேன். கேத்திதான் வீட்டில் கொண்டுவந்து விட்டாள்.

அழுகையும் கோபமும் சேர்ந்தே வருகிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவா அத்தனை தூரம் டிரைவ் பண்ணி வந்தீர்கள்?

வருவதானால் துணிமணி, தட்டுமுட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள், கதவைத் திறக்கிறேன். இரண்டு நாள் இருந்து பார்க்கிறேன் என்றால் வராதீர்கள். நீங்கள் கிளம்பிப் போவதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது.

நாகு