அம்மன் எலுமிச்சையில் ஒரு கேக்

கங்காதர நெல்லூர்
21.7.2025

அம்சவேணிக்கு, உன் அக்கா எழுதுவது.

நான் நலம். உன் நலத்தை நான் கேட்கவில்லை. உன் வீட்டு கிரகப்பிரவேசத்தில் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் எதிரில், "எங்கக்கா செய்ற இனிப்ப மாடு கூட துன்னாது" என்று சிரித்தாய். அன்றைக்கே திருமலை இருக்கும் திக்கைப் பார்த்து, இனி உன்னோடு பேசுவதில்லை என்று சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

வருகிற மாதம் பதினைந்தாம் தேதி பேத்தி பவ்யாவுக்குப் பிறந்தநாள். லீவில் அவள் அம்மாவோடு வந்து உன் வீட்டில் தின்ற எலுமிச்சைக் கேக்தான் வேண்டுமாம். மேலே சர்க்கரைப் பாகு ஊற்றியதாம். எப்படிச் செய்வதென்று எழுது.

கோவிந்தம்மாள்


ரேணிகுண்டா
26.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வருஷம் கழித்து உன் கோணல் எழுத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். மன்னிப்பு கேட்க எத்தனை தரம் போன் பண்ணினேன்! அன்று நான் கட்டியது மாம்பழக் கலர். மற்றதெல்லாம் நீ சொன்னபடிதான்.

இரண்டு முட்டையைச் சர்க்கரையோடு நுரை பொங்க அடி. எண்ணெய், தயிர், மைதா, கொஞ்சம் சோடா உப்பு. எலுமிச்சைத் தோலில் மஞ்சளை மட்டும் துருவு, வெள்ளை கசக்கும். குக்கர் அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் மாவுக் கிண்ணத்தை வைத்து, வெயிட் போடாமல் வேகவை. பொடித்த சர்க்கரையில் சாறு பிழிந்து குழைத்தால் அதுதான் மேல்பாகு.

உன் தங்கை
அம்சா


கங்காதர நெல்லூர்
4.8.2025

அம்சவேணிக்கு,

மாம்பழக் கலர் உன் சின்ன மகள் கட்டியது. எனக்கு மறதி கிடையாது.

முன்கூட்டியே ஒரு தரம் செய்து பார்த்தேன். ஆடி வெள்ளிக்கு அம்மன் கழுத்தில் கிடந்த எலுமிச்சை மாலையிலிருந்து பூசாரி நாலு பழம் கொடுத்தார். குழந்தைக்கு நல்லதென்று அதையே துருவினேன். அம்மன் பழத்தோடு முட்டையைச் சேர்க்கலாமா? விட்டுவிட்டேன். பழத்தில் குங்குமம் வேறு. கேக் சிவப்பாய், செங்கல்லாட்டம் வந்தது. பவ்யா பாகை மட்டும் நக்கிவிட்டு, "ஆயா, சின்ன ஆயாவ வரச் சொல்லேன்" என்கிறாள்.

நீ சொன்னது மெய்யாகிவிட்டது. சிரித்துக்கொள்.

கோவிந்தம்மாள்


ரேணிகுண்டா
9.8.2025

அன்புள்ள அக்கா,

சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன். கடைப் பழம் வாங்கிக்கொண்டு பிறந்தநாள் காலையில் வருகிறேன். கேக்கைச் செய்து வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவேன். நீ பேசவேண்டாம். கதவை மட்டும் திற.

அம்சா


கங்காதர நெல்லூர்
18.8.2025

அம்சாவுக்கு,

பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தாயா? கேக் பஞ்சாட்டம் இருந்தது. மிச்சத்தைப் பவ்யா யாருக்கும் காட்டாமல் தின்று தீர்த்தாள்.

ஆனால் என் சத்தியத்தைக் கெடுத்தவள் நீதான். ஆவி பறக்கிற கேக்கின் மேல் பாகை ஊற்றப் போனால் பாகு உருகி ஓடாதா? பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா நிற்பது? "ஆறட்டும்டி, சனியனே!" என்று கத்திவிட்டேன். நீ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே, "இன்னும் திட்டுக்கா" என்றாய். வேண்டுமென்றேதான் செய்தாய். இதையும் மறக்கமாட்டேன்.

சத்தியம் தவறியதற்கு மலையேறி முடி கொடுக்க வேண்டும். நல்ல நாள் பார்த்து வை. நீயும் மொட்டை போடுகிறாய். பாதிப் பாவம் உன்னுடையது.

உன் அக்கா
கோவிந்தம்மாள்