கட்டம் மாறிய ஞாயிற்றுக்கிழமை

ஜனவரி 21, செவ்வாய்

இன்றும் சாப்பிடும்போது வீட்டுக்காரர் கரண்டியால் தட்டில் டங் டங்கென்று அடித்தார். "நான் என்ன ஓட்டல் சர்வரா?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு எனக்கே சங்கடமாகிவிட்டது. மனுஷன் வேறு எப்படித்தான் கூப்பிடுவார்? முன்பெல்லாம் மோட்டார் கடையிலிருந்து "ஹேமா" என்று ஒரு குரல் கொடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். தைராய்டு ஆபரேஷனில், கட்டியோடு ஒட்டியிருந்த நரம்பும் போய்விட்டது. ஏழு மாதமாக வெறும் காற்றுதான் வருகிறது. காதைப் பக்கத்தில் வைத்தால் புரியும்.

உயிர் தங்கியதே பெரிது. தினமும் சொல்லிக்கொள்கிறேன், மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் மாடி அறையில் ரேடியோ மேல் போட்ட துண்டை அவர் இன்னும் எடுக்கவில்லை. பொழுதுபோக்காக ரேடியோவில் ஊர்விட்டு ஊர் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களுக்குத் தேனி ராஜபாண்டி என்றால் அந்தக் கணீர்க் குரல்தான். குரல் போனவனுக்கு மைக் எதுக்கு என்கிறார். குரலோடு ஆளில் பாதியும் போய்விட்டது. அந்தப் பாதியை எப்படித் திரும்ப வாங்குவது?

ஜனவரி 27, திங்கள்

ஹாம் ரேடியோப் போட்டி வருகிற ஞாயிறு. ஆளுக்கொரு மலையில் ஏறி, பேட்டரியில் ஓடுகிற ரேடியோவை வைத்துக்கொண்டு பேச வேண்டும். எவ்வளவு தூரத்து ஆளைப் பிடிக்கிறோமோ அவ்வளவு புள்ளி. வருஷா வருஷம் அவர் பேசுவார், நான் எழுதுவேன். என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது, ரேடியோவில் பெயர் போலச் சொல்லும் கால்சைனோடு. சும்மா பீரோவில் தூங்குகிறது.

"இந்தத் தடவை நான் பேசுறேன்" என்றேன். சிரித்தார். வண்டி ஓட்ட மட்டும் வருவாராம், ரேடியோவைத் தொட மாட்டாராம். தொட வைக்கிறேனா இல்லையா பார்.

பிப்ரவரி 1, சனி

பேட்டரிகள் சார்ஜ் ஏறியாயிற்று. புளியோதரை கட்டியாயிற்று. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இப்போதுதான் வந்து குளித்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

மேகமலைப் பாதையில் ஸ்டீவன் அண்ணனின் காப்பித் தோட்டம். இவர் கம்பம் நட்டு, ஆண்டெனாக்களை மாட்டிக் கொடுத்துவிட்டு, வண்டிச் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். நான் மைக்கைப் பிடித்தேன். முதலில் கொடைக்கானல் ஜெபஷீலா. பிறகு ஒவ்வொரு மலையாக வந்துகொண்டே இருந்தார்கள். பனி விலகுவதற்குள் மைக்ரோவேவ் அலைவரிசையில் ஏற்காடு பொன்னுராஜ் அண்ணன்! அவ்வளவு தூரத்தை நான் பிடித்தேன். நானேதான்!

தலைகால் புரியவில்லை. வண்டியிலிருந்து இவர் கையை ஆட்டினார். டீ வேணுமா என்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். எழுந்து ஓடி வந்தார். வாய் அசைகிறது, காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. "செத்த சும்மா இருங்க" என்று கையைத் தட்டிவிட்டேன். கடைசியில் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதினார். எம்ஜே 89.

அய்யய்யோ.

போட்டியில் அவரவர் இருக்கும் இடத்தின் கட்டத்தைச் சொல்ல வேண்டும். உலகப் படத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தேனி, எம்கே 80. கோடு தேனிக்குக் கொஞ்சம் தெற்கே ஓடுகிறது. அதைத் தாண்டினால் சின்னமனூர், மேகமலை எல்லாம் எம்ஜே 89. வருஷக்கணக்காக வீட்டில் அவர் சொல்லிக் கேட்டது அப்படியே வாயில் வந்துவிட்டது! மலை மேல் உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து எல்லோரிடமும் வீட்டுக் கட்டத்தையே சொல்லியிருக்கிறேன்.

என் புள்ளி போனால் போகட்டும். நான் சொன்னதை நம்பி எழுதிக்கொண்டவர்களுக்கும் அந்தப் புள்ளி போய்விடுமே. போனில் திருத்த விதி கிடையாது. ரேடியோவிலேயே மறுபடி பிடித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஜெபஷீலா சொன்னாள், "இதுக்கா அழுகுறீக அக்கா? போன வருசம் நான் என் கால்சைனையே மாத்திச் சொன்னேன்." ஒருவர்கூடக் கடிந்துகொள்ளவில்லை. தங்கள் வேலையை நிறுத்திவிட்டு எனக்காக ஆண்டெனாவைத் திருப்பினார்கள். எங்கிருந்து வந்த மனிதர்கள் இவர்கள்!

ஏற்காடுதான் வரவில்லை. வெயில் ஏறிக் காற்று கலைந்ததும் சிக்னல் மூழ்கிவிட்டது. இரைச்சலுக்கு அடியில் ஒரு முனகல், அவ்வளவுதான். பொன்னுராஜ் அண்ணனுக்கு நாளின் பெரிய புள்ளியே நாங்கள்தான். அது என்னால் போகப் போகிறது. கத்திக் கத்தி என் தொண்டையும் கட்டியது. ஸ்டீவன் அண்ணன் வேறு வந்து நின்றார். "ஏத்தா, பொழுது சாயுது, பாரஸ்ட் செக்போஸ்ட்ட அடைச்சிருவாக. கெளம்புங்க."

அழுதுவிட்டேன். ஆமாம், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன்.

"எந்திரி ஹேமா." காதோரம் காற்று. இவர் டூல் பாக்ஸைத் திறந்து, துணியில் சுற்றிய மோர்ஸ் கீயை, தந்தி அடிக்கும் கட்டையை, எடுத்தார். சத்தியமாக அதை நான் வைக்கவில்லை.

பேச்சு மூழ்குகிற இடத்திலும் தந்திச் சத்தம் கேட்கும் என்று எனக்கும் தெரியும். அவரைக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. உட்கார்ந்தார். முதலில் விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தது. பிறகு ஓட ஆரம்பித்தது. நிறுத்திக் கேட்டார். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தார். மறுபடி. மெல்லிசாக ஒரு கீச்சு வந்தது. காகிதத்தில் எழுதிக் காட்டினார்: அவருக்குக் கட்டம் கிடைத்துவிட்டது.

கீச்சு நிற்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். எனக்குப் பதறியது. "என்னங்க, என்ன சொல்றாரு?"

"'ராஜபாண்டியா?'ன்னு கேக்குறாரு."

அடித்தது என் கால்சைனில். தன் பெயரை இவர் அடிக்கவே இல்லை. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டாம். அதைக் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார் பொன்னுராஜ் அண்ணன். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும். அவர் குடும்பமே நன்றாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

உடம்பெல்லாம் வலி. கட்டத்தைத் தப்பாகச் சொன்னதற்கும் சேர்த்துக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 19, புதன்

முடிவு வந்தது. நடுவில் எங்கேயோ இருக்கிறோம். யாருக்கு வேண்டும் அது? மாடிக் கொடியில் அந்தத் துண்டு துவைத்துக் காய்கிறது.

சாயங்காலம் கடை அடைத்ததும் ஏற்காட்டோடு அரட்டைதான். எனக்கும் மோர்ஸ் கற்றுக்கொடுக்கிறார். தட்டும் கரண்டியும்தான் கருவி. குட்டைச் சத்தத்துக்கு ஒரு தட்டு, நெட்டைச் சத்தத்துக்கு ஒரு இழுப்பு, இவை சேர்ந்தால் ஓர் ஆங்கில எழுத்து. எனக்கு மண்டையில் ஏறவில்லை. வாத்தியாருக்குக் கோபம் மட்டும் சத்தமில்லாமலே நன்றாக வருகிறது.

மார்ச் 8, சனி

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கரண்டிச் சத்தம். சட்னிக்குத்தான் என்று கிண்ணத்தை எடுத்தேன். ஆனால் வழக்கமான டங் டங் இல்லை. நாலு தட்டு. விட்டு ஒரு தட்டு. இரண்டு இழுப்பு. ஒரு தட்டு, ஒரு இழுப்பு.

விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தேன். என் பெயர்.

ஆபரேஷனுக்குப் பிறகு இப்போதுதான் இன்னோர் அறையிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். உடனே போகவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று அடுப்படியிலேயே நின்றேன். தோசை கருகியது.