உன் முகம் ஒட்டிய தேன் பாட்டில்கள்

என் செல்லத் தம்பி ஏழுமலைக்கு,

நேற்று வளவனூரில் உனக்கு முதல் வருடத் தெவசம் கொடுத்தார்கள். அங்கே நான் சண்டை போட்டேன். உன் படத்துக்கு முன்னால் மற்றவர்கள் என்னைப் பற்றி முறையிடுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

உன் தேனீப் பெட்டிகளில் உண்ணி ஏறிவிட்டது. மாட்டுக்கு ஏறுவது போலத்தான். தேனீயின் உடம்பில் ஒட்டி உறிஞ்சுகிறது. அடையில் புழு வளரும் மூடிய அறைக்குள் புகுந்து புழுவின் மேலேயே பெருகுகிறது. தை மாதமே பெட்டி வாசலில் சிறகு சுருங்கிய ஈக்கள் பறக்க முடியாமல் ஊர்ந்தன. பனிதான் காரணம் என்றான் உன் மகன். ஆண் ஈயின் புழு வளரும் அறை ஒன்றை ஊசியால் கிளறி, வெள்ளைப் புழுவின் மேல் செம்பழுப்பாக அப்பியிருந்ததைக் காட்டினேன். அந்தச் சனியனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உண்ணி அதிகம் பெருகுவது ஆண் புழு அடைகளில்தான், அவற்றை அறுத்து எறி என்றேன். கேட்கவில்லை. உண்ணியைக் கொல்லும் மருந்துப் பட்டை வாங்கிப் பெட்டிக்குள் தொங்கவிட்டான். அதைக்கூட நான் குறை சொல்லவில்லை. முருங்கை பூத்துத் தேன் சேரத் தொடங்கிய பிறகும் பட்டையை எடுக்காமல் தேன் எடுத்தானே, அதைத்தான் கேட்கிறேன். அப்படி எடுக்கக் கூடாது என்று மருந்துக் கவரிலேயே போட்டிருக்கிறது. நீ இருந்தால் செய்திருப்பாயா?

அந்தத் தேனைத்தான் நேற்று, சாப்பிட்டுக் கிளம்பியவர்களுக்கு உன் நினைவாக ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தான். பாட்டிலில் உன் முகம். சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

நான் போய் வாசலில் நின்றுகொண்டேன். வந்தவர்கள் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டேன். தெவசத்துக்கு வந்தவர்களிடம் அக்கா வழிப்பறி செய்கிறாள் என்று நம் சித்தப்பா மகன் சிரித்தான். உன் மகன் ஓடி வந்தான்.

“அத்தே, எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. அப்பா பேரக் கெடுக்காதீங்க.”

“பட்டைய உள்ள வெச்சிக்கினே எடுத்தியா இல்லியா, அத மட்டும் சொல்லு.”

“கொஞ்சூண்டு மருந்துதான் அத்தே. யாருக்கும் ஒண்ணும் ஆவாது.”

“அப்ப ஒரு பாட்டிலத் தொறந்து உம் புள்ளைக்கு ஊட்டு. பையக் குடுத்துட்டுப் போறேன்.”

அவன் ஊட்டவில்லை. இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதீர்கள் என்றான். உன் மனைவி உள்ளேயே இருந்துவிட்டாள். எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் இல்லையா?

பையோடு பஸ் ஏறித் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்தேன். வேறு தேனீக்கள் வந்து மொய்க்காதபடி ஆழமாகக் குழி வெட்டி, தேனைக் கொட்டி மூடிவிட்டேன். ஆனால் நான் வாசலுக்கு வருவதற்கு முன்பே நம் திருவாமாத்தூர் உறவுக்காரர்கள் ஒரு பாட்டிலோடு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

நாளைக் காலை அங்கே போகிறேன். கதவைத் திறக்காவிட்டால் திறக்கும்வரை நிற்பேன். கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஊரே சொல்லட்டும். உன் முகத்தை நம்பி ஒருவர்கூட அந்தத் தேனை வாயில் வைக்க விடமாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

யாருக்கும் பணியாத, உன்கூடப் பிறந்த,
அக்கா